மகன் தலையில் விழும் கணக்கு: இராஜாக்கள் நூல்களை வாசித்தல்

கடந்த டிசம்பர் விடுமுறையில் பைபிளின் பழைய ஏற்பாட்டிலுள்ள சாமுவேல், இராஜாக்கள், நாளாகமம் ஆகிய நூல்களை முதல் தடவையாகத் தொடர்ச்சியாக வாசித்து முடித்தேன். எங்கள் பாடசாலையில் கிறிஸ்தவம் படிப்பிக்கும் டீச்சர் ஒருவர் தந்த பழைய பிரதி. "சேர், கதையா வாசியுங்கோ, சண்டைக்கு வாசிக்காதீங்கோ" என்று சொல்லித்தான் தந்தார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. நம்மில் பலர் அந்த வேதத்தைத் திறப்பதே பிழை பிடிக்கத்தான். எங்கே முரண், எங்கே நபிமாரைக் குறைத்துப் பேசுகிறது என்று பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே போவோம். புத்தகம் என்ன சொல்ல வருகிறது என்று கேட்கமாட்டோம். நானும் இருபத்தைந்து வயதில் அப்படி வாசித்தவன்தான்.

தமிழ் சிறப்புப் பட்டத்துக்குப் படித்த காலத்தில் பைபிள் எங்களுக்கு உரைநடை வரலாற்றில் ஒரு கேள்வியாக மட்டுமே வந்தது. பேர்சிவல் பாதிரியாரின் மொழிபெயர்ப்பு வேலைக்கு ஆறுமுக நாவலர் துணைநின்றார் என்று எழுதிவிட்டால் புள்ளி கிடைக்கும். மொழிபெயர்த்ததை வாசித்தாயா என்று யாரும் கேட்டதில்லை.

இப்போது வாசித்தபோது என்னைத் தடுத்து நிறுத்தியது அந்த அரசர்களின் பாவம் அல்ல. அரசர்கள் பாவம் செய்வது புதினமா? அவர்கள் தவ்பாச் செய்த பிறகு நடப்பவைதான் என்னை நிறுத்தின. அரசன் அழுகிறான், இரட்டு உடுக்கிறான், நோன்பு பிடிக்கிறான். இறைவன் இரங்குகிறான். ஆனால் கணக்கு மூடப்படுவதில்லை. அது மகனின் பெயருக்கு மாற்றப்படுகிறது. ஒரு தடவை நடந்தால் கதையென்று விடலாம். திரும்பத் திரும்ப நடக்கிறது.

உள்ளே போவதற்கு முன் ஒரு விஷயம். இந்தக் கட்டுரையில் நான் 'தாவீது' என்றே எழுதுகிறேன். சாமுவேல் நூலில் வருகிற அந்த அரசனைத் தாவூத் (அலை) என்று எழுதக் கை வரவில்லை. நமக்குத் தாவூத் ஒரு நபி. ஸபூர் அருளப்பட்டவர். மலைகளும் பறவைகளும் அவரோடு சேர்ந்து தஸ்பீஹ் செய்தன. அடுத்தவன் மனைவியை எடுத்துக்கொண்டு, அவனைப் போர்முனையில் சாகக் கொடுத்த ஒருவரை நாம் நபியென்று ஏற்கமாட்டோம். ஆகவே இரண்டு பெயர்களையும் இரண்டு பாத்திரங்களாகவே வைத்துக்கொள்கிறேன். இது தப்பித்தல் என்று சிலருக்குப் படலாம். எனக்கு இப்படி வைத்துக்கொண்டால்தான் இரண்டையும் ஒழுங்காக வாசிக்க முடிகிறது.

முதலில் சவுல். குர்ஆனில் தாலூத் என்று வருபவர்; அங்கே அவருடைய வீழ்ச்சி சொல்லப்படவில்லை. சாமுவேல் நூலில் அவர் அமலேக்கியரை வென்றபின், கட்டளைக்கு மாறாக அவர்களின் அரசன் ஆகாகையும் நல்ல ஆடுமாடுகளையும் உயிரோடு விட்டுவைக்கிறார். சாமுவேல் வந்து நிற்கும்போது, கட்டளையை நிறைவேற்றிவிட்டேன் என்கிறார். அந்த நேரம் பின்னாலிருந்து ஆடுகள் கத்துகின்றன. கதை சொல்பவன் எந்த வர்ணனையும் தரவில்லை, ஆட்டுச் சத்தம் போதும் என்று விட்டிருக்கிறான். பிறகு சவுல் சொல்லும் சாட்டுகள் வருகின்றன: சனங்கள்தான் விட்டுவைத்தார்கள், பலி கொடுக்கத்தான் கொண்டுவந்தோம். கடைசியாகப் பாவம் செய்தேன் என்று ஒத்துக்கொள்கிறார். ஒத்துக்கொண்ட கையோடு, ஊர்ப் பெரியவர்களுக்கு முன்னால் என் மரியாதையைக் காப்பாற்றித் தாரும் என்றும் கேட்கிறார்.

தாவீது சொல்வதும் அதே சொல்தான். எபிரேயத்தில் இருவர் வாயிலும் வருவது ஒரே வினை. அரபியில் நாம் 'கதீஅத்' என்கிறோமே, அதன் உறவுச் சொல். தாவீதிடம் அது 'கர்த்தருக்கு எதிராக' என்பதைச் சேர்த்து மூலத்தில் இரண்டே சொல்லாக நிற்கிறது. முன்னால் சாட்டு இல்லை, பின்னால் கோரிக்கை இல்லை. சவுலின் அரசு பறிபோகிறது, தாவீதின் பாவம் நீக்கப்படுகிறது. சொல் ஒன்றாயிருந்தும் தீர்ப்பு வேறாவதற்கு நூல் விளக்கம் எழுதவில்லை. சாட்டுக்குப் பிறகு வந்த ஒப்புதலையும் சாட்டே இல்லாத ஒப்புதலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விடுகிறது.

அந்த ஒப்புதலை வரவழைத்தது ஓர் ஆட்டுக் கதை. நாத்தான் என்ற தீர்க்கதரிசி அரசனிடம் ஒரு வழக்கைக் கொண்டுவருகிறார். பணக்காரனுக்கு மந்தை மந்தையாய் ஆடு. ஏழைக்கு ஒரேயொரு குட்டி, பிள்ளையைப்போல் மடியில் வளர்ந்தது. விருந்தாளி வந்தபோது பணக்காரன் அந்தக் குட்டியைப் பிடித்துச் சமைத்துவிட்டான். தாவீதுக்குக் கோபம் வருகிறது. அவன் சாகவேண்டியவன், நாலு மடங்காய்த் திருப்பித் தரவேண்டும் என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார். அந்த ஆள் நீர்தான் என்று நாத்தான் சொன்ன பிறகுதான் தன் வாயாலேயே தனக்குத் தீர்ப்பு எழுதியது தெரிகிறது.

நம் வாசகர்களுக்கு ஸாத் ஸூரா உடனே நினைவுக்கு வரும் (38:21–26). அங்கேயும் ஆடுகள், தொண்ணூற்றொன்பதும் ஒன்றும். ஆனால் அமைப்பு முற்றாக வேறு. வழக்காளிகள் இருவர் மிஹ்ராபின் சுவரேறிக் குதித்து வருகிறார்கள். தாவூத் (அலை) திடுக்கிடுகிறார். ஒருவன் முறையிடுகிறான்: தொண்ணூற்றொன்பது ஆடு வைத்திருக்கும் சகோதரன் என் ஒற்றை ஆட்டையும் கேட்கிறான், பேச்சிலும் என்னை வென்றுவிட்டான். தாவூத் (அலை) உடனே அவன் பக்கம் தீர்ப்புச் சொல்கிறார். சொன்ன மறுகணமே இது தனக்கு வைக்கப்பட்ட சோதனை என்று அவருக்கே உறைக்கிறது. நீர்தான் அந்த ஆள் என்று சுட்டிக்காட்ட அங்கே எவரும் இல்லை. விழுந்து மன்னிப்புக் கேட்கிறார், மன்னிக்கப்படுகிறார். அதன் பிறகு வருவது தண்டனை அல்ல. பூமியில் உம்மைக் கலீபாவாக்கினோம், மனிதரிடையே நீதமாகத் தீர்ப்பளியும், மனோ இச்சையைப் பின்பற்றாதீர் என்ற அறிவுறுத்தல்தான்.

அவர் செய்த பிழை என்ன? குர்ஆன் சொல்லவில்லை. சொல்லாமல் விட்ட இடத்தை நிரப்ப ஆரம்பகால உரையாசிரியர் சிலர் சாமுவேல் நூலின் கதையை இஸ்ராயீலிய்யாத் வழியாக உள்ளே கொண்டுவந்தார்கள். இமாம் ராஸி அதைக் கடுமையாக மறுத்தார். இப்னு கஸீர், இதில் பெரும்பகுதி இஸ்ராயீலிய்யாத், நபியவர்களிடமிருந்து நிரூபணமானது எதுவும் இல்லை என்று சொல்லிக் கதையை எழுதாமலே கடந்துபோனார். மற்றக் கட்சியைக் கேட்காமல் ஒருவன் பேச்சை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொன்னதே பிழை என்போரும் உண்டு. வசனங்களின் ஓட்டத்துக்கு இதுவே பொருந்துவதாக எனக்குப் படுகிறது. கடைசியில் வரும் அறிவுறுத்தல் தீர்ப்பைப் பற்றியது, பெண்ணைப் பற்றியது அல்ல.

இன்னொன்று. அந்த வசனத்தில் ஓதுகிறவரும் விழுகிறார். நம் ஷாஃபி மத்ஹபில் அது ஷுக்ருடைய ஸஜ்தா. தொழுகைக்குள் செய்வதில்லை, வெளியே ஓதும்போது செய்கிறோம். தாவூதின் தவ்பா ஏற்கப்பட்டதற்காக நாம் நன்றி செலுத்துகிறோம் என்பது அதன் கருத்து. ஓர் அரசனின் தவ்பா ஓதுகிறவனின் நெற்றிவரைக்கும் வருகிறது. நல்ல செய்தியாகவே வருகிறது.

சாமுவேல் நூலில் அது யாரிடம் போகிறது? பத்சேபாளின் குழந்தையிடம். தாவீதின் பாவம் நீக்கப்பட்டது, அவர் சாகமாட்டார், பிறந்த பிள்ளை சாகும் என்பதே தீர்ப்பு. பிள்ளை நோயில் கிடக்கும்போது தாவீது தரையில் கிடந்து நோன்பிருக்கிறார். ஏழாம் நாள் மௌத்தாகிறது. செய்தியைச் சொல்ல வேலைக்காரர்களுக்குப் பயம். அவரோ கேட்டவுடன் எழும்பிக் குளித்து, உடுப்பு மாற்றி, தொழுதுவிட்டு வந்து சாப்பாடு கேட்கிறார். நான் இனி அவனிடம் போவேன், அவன் என்னிடம் வரமாட்டான் என்கிறார். உலக இலக்கியத்தில் ஒரு தகப்பனைப் பற்றி இவ்வளவு சுருக்கமாக, இவ்வளவு தாங்கமுடியாமல் எழுதிய பக்கம் அதிகம் இருக்காது. ஆனால் அந்தப் பிள்ளைக்குப் பெயர்கூட இல்லை. நாலு மடங்கு என்று தாவீது சொன்ன தீர்ப்பைப் பிற்கால யூத உரைகாரர்கள் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள்: இந்தக் குழந்தை, தாமார், அம்னோன், அப்சலோம். நாலும் அவருடைய பிள்ளைகள்.

இதற்குப் பிறகு அந்த மாதிரியையே பார்த்துக்கொண்டு போனேன். சாலொமோன் வழி தவறியதாக இராஜாக்கள் நூல் சொல்கிறது (சுலைமான் நிராகரிக்கவில்லை என்று அல்பகறா நேரடியாகவே மறுப்பது நமக்குத் தெரியும்). இராச்சியம் பிடுங்கப்படும், ஆனால் உன் காலத்தில் அல்ல, மகனின் கையிலிருந்து என்கிறது தீர்ப்பு. எசேக்கியா நல்ல அரசன். பாபிலோன் தூதருக்குக் களஞ்சியங்களைத் திறந்து காட்டியதற்காக, உன் சந்ததியார் அங்கே கொண்டுபோகப்படுவார்கள் என்று ஏசாயா சொல்கிறார். அதற்கு எசேக்கியா, நல்ல வார்த்தைதான், என் காலத்திலாவது சமாதானம் இருக்குமே என்கிறார். நல்லவன் வாயில் இப்படி ஒரு சொல்லை வைக்க எழுதியவனுக்குத் துணிவு வேண்டும்.

ஆகாபின் கதையில் இது இன்னும் கூர்மை. யெஸ்ரயேலில் அரண்மனைக்குப் பக்கத்தில் நாபோத்தின் திராட்சைத் தோட்டம். பரம்பரைக் காணி, விற்கமாட்டேன் என்கிறான். அரசன் முகத்தைத் திருப்பிக்கொண்டு சாப்பிடாமல் கட்டிலில் படுத்துக்கொள்கிறான், சின்னப் பிள்ளை மாதிரி. மனைவி யேசபேல் அவன் முத்திரையில் கடிதம் எழுதி, பொய்ச் சாட்சி இருவரை வைத்து நாபோத்தைக் கல்லெறிந்து கொல்லச் செய்கிறாள். காணி உறுதியும் கள்ளச் சாட்சியும் நம் நாட்டுக்காரருக்கு விளக்கவேண்டிய விஷயங்கள் அல்ல. எலியா வந்து தீர்ப்பைச் சொன்னதும் ஆகாப் உடையைக் கிழித்து, இரட்டு உடுத்தி, நோன்பிருந்து, அடங்கி நடக்கிறான். உடனே இறைவன் சொல்கிறான்: தாழ்ந்துவிட்டான், ஆகையால் இவன் நாளில் அல்ல, மகனின் நாளில்.

அப்படியே நடக்கிறது. யெகூ புரட்சி செய்து ஆகாபின் மகன் யோராமை அம்பால் கொன்று, உடலை நாபோத்தின் நிலத்திலேயே எறியச் சொல்கிறான். அந்த இடத்தில் ஒரே வரியில் ஒரு செய்தி வருகிறது. சிந்தியது நாபோத்தின் இரத்தம் மட்டுமல்ல, அவன் பிள்ளைகளின் இரத்தமும்தான். முதல் கதையில் இது சொல்லப்படவில்லை. பத்துப் பன்னிரண்டு அதிகாரம் தள்ளி, இன்னொருவன் பேச்சில் வருகிறது. நான் புத்தகத்தை மூடிவைத்தேன். வாரிசு மிஞ்சினால் காணி கைக்கு வராது என்று பிள்ளைகளையும் கொன்றிருக்கிறார்கள். பதிலுக்கு ஆகாபின் எழுபது பிள்ளைகளின் தலைகள் கூடைகளில் வருகின்றன. இரண்டு பக்கமும் கணக்கைக் கட்டியது பிள்ளைகள். நம் சிலப்பதிகாரத்தில் பாண்டியன் பிழை தெரிந்த கணமே அரியணையில் உயிர் விடுகிறான். தவ்பாவுக்கு நேரமே இல்லை. அங்கும் எரிவது என்னவோ மதுரைதான்.

இதை வெறும் இலக்கிய விஷயமாக என்னால் வாசிக்க முடியாததற்கு ஒரு காரணம் இருக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு எங்கள் கரையில் ஒரு மையத்து வீடு. இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவர் மூலையில் இருந்தார். வட்டிக்குக் காசு கொடுப்பவர் என்று ஊரில் பெயர். திண்ணையில் இருந்த ஒரு பெரியவர் குரலைத் தாழ்த்தாமலே சொன்னார்: "வாப்பாட கணக்கப் புள்ளையள்தான் கட்டிட்டுப் போயிருக்கு." தலையாட்டியவர்கள் உண்டு. மறுத்தவர் ஒருவரும் இல்லை, நானும் பேசாமல் இருந்தேன். அவர் பிறகு வட்டியை விட்டார். இப்போதும் பள்ளியில் முதல் ஸஃப்பில் நிற்கிறார். அன்று அந்த வார்த்தை அவர் காதில் விழுந்ததா என்று கேட்கும் தைரியம் எனக்கு இன்றுவரைக்கும் வரவில்லை.

ஒருவர் சுமையை இன்னொருவர் சுமக்கமாட்டார் என்பது குர்ஆனில் ஐந்து இடங்களில் வருகிறது. அதில் அந்நஜ்ம் ஸூராவின் இடம் (53:36–38) கவனிக்கத்தக்கது. இது புதிதாகச் சொல்லப்படுவதல்ல, மூஸாவின் ஏடுகளிலும் இப்றாஹீமின் ஏடுகளிலும் உள்ளது என்கிறது. முன்பு இதை வாசித்துக்கொண்டு போய்விடுவேன். இம்முறை தேடினேன். உபாகமம் 24ஆம் அதிகாரத்தில் இருக்கிறது: பிள்ளைக்காகத் தகப்பனையோ தகப்பனுக்காகப் பிள்ளையையோ கொல்லக்கூடாது. அதைவிட வியப்பு, இராஜாக்கள் நூலுக்குள்ளேயே அமத்சியா என்ற அரசன் தன் தகப்பனைக் கொன்றவர்களுக்குத் தண்டனை கொடுத்துவிட்டு, அவர்களின் பிள்ளைகளைத் தொடாமல் விடுகிறான். மூஸாவின் சட்டத்தில் இப்படி எழுதியிருக்கிறது என்று நூலாசிரியர் காரணமும் தருகிறார். அப்படியென்றால் அவருக்குச் சட்டம் தெரியும். மனிதன் கொடுக்கும் தீர்ப்பில் அதைப் பாராட்டுகிறார், இறைவனின் தீர்ப்பென்று தான் எழுதும் இடங்களில் மூன்றாம் நாலாம் தலைமுறை வரைக்கும் கணக்கு ஓடுகிறது. நூலுக்குள் இருக்கும் இந்த இழுபறியை அவர் மறைக்கவில்லை.

நம் பக்கமும் எல்லாம் ஒரு கோட்டில் இல்லை என்பதையும் சொல்லவேண்டும். அநியாயம் செய்தவரோடு மட்டும் நின்றுவிடாத சோதனையை அஞ்சிக்கொள்ளுங்கள் என்று அல்அன்ஃபால் எச்சரிக்கிறது. சுவருக்கடியிலிருந்த புதையல் இரண்டு அநாதைகளுக்குக் காக்கப்பட்டதற்கு அவர்களின் தகப்பன் நல்லவராய் இருந்ததைக் கஹ்ஃப் ஸூரா எடுத்துச் சொல்கிறது. நன்மை பிள்ளைக்குப் போகலாம், சோதனை ஊரோடு வரலாம். ஆனால் குற்றம் பிள்ளையின் பெயரில் எழுதப்படாது. திண்ணையில் இருந்த பெரியவர் கலந்துவிட்டது இவற்றைத்தான்.

இராஜாக்கள் நூலின் இழுபறி முற்றி நிற்கும் இடம் மனாசே. பன்னிரண்டு வயதில் அரசனாகி 55 வருடம் ஆண்டவன்; யூதாவில் அவ்வளவு காலம் ஆண்டவர் வேறில்லை. ஆலயத்துக்குள் நட்சத்திர வணக்கம், மகனைத் தீயில் கடக்கவைத்தது, எருசலேம் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நிரம்பும்படி குற்றமற்ற இரத்தம். தன் கட்டிலில் சாவது மாதிரி அமைதியாகச் சாகிறான். அவன் பேரன் யோசியா முழு மனதோடு திரும்பியவன், அவனைப்போல் ஒரு அரசன் முன்னும் இல்லை பின்னும் இல்லை என்று நூல் புகழ்கிறது. அடுத்த மூச்சில், ஆனாலும் மனாசேயால் வந்த கோபம் தணியவில்லை என்கிறது. யோசியா மெகிதோவில் எகிப்தியர் கையில் சாகிறான். பேரனின் தவ்பாவால் பாட்டனின் கணக்கை அழிக்க முடியவில்லை.

பிறகு எழுதப்பட்ட நாளாகமம் இதை ஏற்கவில்லை. அங்கே அசீரியர் மனாசேயைக் கொக்கி மாட்டி, வெண்கலச் சங்கிலி கட்டிப் பாபிலோனுக்குக் கொண்டுபோகிறார்கள். அவன் அங்கே அழுது தவ்பாச் செய்கிறான். கேட்கப்பட்டுத் திரும்பி வருகிறான், தான் வைத்த சிலைகளைத் தானே அகற்றுகிறான். யோசியாவின் சாவுக்கும் அங்கே அவனுடைய சொந்தப் பிழையே காரணம்: எகிப்திய அரசன் வழியாக வந்த இறை எச்சரிக்கையைக் கேட்கவில்லை. அவனவன் கணக்கு அவனவனுக்கு. சரித்திரம் எது என்று கேட்டால், எசரத்தோன் என்ற அசீரிய அரசனின் கல்வெட்டில் நினிவே அரண்மனைக்கு மரமும் கல்லும் அனுப்பிய 22 அரசர்களுள் மனாசேயின் பெயர் இருக்கிறது. சங்கிலி பற்றி அதில் இல்லை. இருந்தாலும் நாளாகமம் எழுதியவரை நான் பொய்யர் என்று தள்ளமாட்டேன். முந்தின நூலின் தீர்ப்பு அவருக்குத் தொண்டையில் சிக்கியிருக்கிறது. அவர் தாவீதும் பத்சேபாளும் கதையையும் விட்டுவிட்டார். அரசன் போருக்குப் போகாமல் எருசலேமில் தங்கினான் என்ற தொடக்க வரி மட்டும் அங்கே தனியாக நிற்கிறது, கதை இல்லை. இப்னு கஸீர் கடந்துபோன அதே இடத்தை அவருக்குப் பல நூற்றாண்டு முன்பே ஒரு யூத எழுத்தாளர் கடந்துபோயிருக்கிறார்.

ஆனால் கலையென்று பார்த்தால் எனக்கு இராஜாக்கள் நூல்தான் பெரிது. நாளாகமத்தில் எல்லாம் நேர்ப்பட்டுவிடுகிறது, வாசகனுக்கு வேலை இல்லை. இராஜாக்களை எழுதியவர் நாடிழந்து, ஆலயம் எரிந்து, ஏன் என்று கேட்டுக்கொண்டிருந்த சனத்துக்கு எழுதினார். யாரோ முன்னோர் செய்தது என்பதைத் தவிர அவரிடம் பதில் இருக்கவில்லை. அதே நாடுகடத்தலில் பாபிலோன் போன எசேக்கியேல் அந்தப் பதிலை மறுத்தார். தகப்பன் புளிப்பைத் தின்றால் மகனுக்குப் பல் கூசும் என்ற பழமொழியை இனி எவரும் சொல்லக்கூடாது, பாவம் செய்தவனே சாவான் என்றார். இரண்டு குரலும் ஒரே வேதத்துக்குள், ஒரே காலத்து அகதிகளிடையே எழுந்தவை.

இராஜாக்கள் நூலின் கடைசி நாலு வரியில் பாவமும் இல்லை, தவ்பாவும் இல்லை. பதினெட்டு வயதில் மூன்றே மாதம் ஆண்டு சிறைப்பட்ட யோயாக்கீனை, 37ஆம் வருடத்தில் புதிய பாபிலோனிய அரசன் வெளியே எடுக்கிறான். சிறை உடுப்பை மாற்றி, அரசனின் மேசையில் சாப்பிட வைத்து, சாகும்வரை நாளாந்தப் பங்கு கொடுக்கிறான். நூல் அதோடு முடிகிறது. பாபிலோன் அரண்மனை இடிபாடுகளில் கிடைத்த களிமண் பலகைகளில், அந்த விடுதலைக்கு முன்பே அவனுக்குக் கொடுக்கப்பட்ட பங்கின் கணக்கு இருக்கிறது. வைட்னர் என்ற ஜேர்மன் அறிஞர் 1939இல் வெளியிட்டார். யூதாவின் அரசன் யோயாக்கீனுக்கு எண்ணெய். அதற்குக் கீழே அவனுடைய ஐந்து மகன்மாருக்குமாக இரண்டரை சீலா. ஒரு சீலா கிட்டத்தட்ட ஒரு லீற்றர். பிள்ளை ஒன்றுக்கு அரை லீற்றர் அளவு எண்ணெய்.